உள்ளூர் விடுமுறை: கடலோர மாவட்டங்கள் தங்களுக்கென்று எழுதிக்கொள்ளும் நாள்காட்டி

ஆகஸ்ட் முடிந்து செப்டம்பர் பிறக்கிற சமயத்தில் நாகப்பட்டினம் கலெக்டர் அலுவலகத்திலிருந்து ஒரு செய்திக்குறிப்பு வரும். வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதா பேராலயத் திருவிழாவை முன்னிட்டு செப்டம்பர் 8 அன்று மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. அதை ஈடுசெய்யப் பின்னால் வரும் ஒரு சனிக்கிழமை வேலைநாள். இந்த விடுமுறை 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச்சட்டத்தின் கீழ் வராது. அவசரப் பணிகளுக்காகக் கருவூலங்கள் குறைந்த பணியாளர்களுடன் இயங்கும். செப்டம்பர் 8 ஞாயிற்றுக்கிழமையில் விழுந்துவிட்டால் மட்டும் இந்தக் குறிப்புக்கு வேலை இருக்காது. தேதியையும் ஊர்ப் பெயரையும் மாற்றிப் போட்டால் இதே குறிப்பு பனிமய மாதா திருவிழாவுக்குத் தூத்துக்குடியிலும், ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூட்டுக்கு ராமநாதபுரத்திலும், மண்டைக்காடு கொடைக்குக் கன்னியாகுமரியிலும் வரும்.

பிள்ளைகள் முதல் வரியோடு படிப்பதை நிறுத்திவிடுவார்கள். அது நியாயம்தான். ஆனால் மற்ற வரிகளில்தான் விஷயம் இருக்கிறது. பல மதத்தார் நெருக்கமாக வாழ்கிற ஒரு கரையோரம் தன் வருடத்தை எப்படிப் பங்கு போட்டுக்கொள்கிறது என்பதைச் சென்னையில் அச்சாகும் பொது விடுமுறைப் பட்டியலைவிட இந்தச் சின்னக் குறிப்புகள் தெளிவாகச் சொல்கின்றன.

முதலில் அந்தப் பெரிய பட்டியல். தமிழ்நாடு அரசு அடுத்த ஆண்டுக்கான பொது விடுமுறைகளை முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களில் அரசாணையாக வெளியிடும். பொங்கலும் அதையொட்டிய நாட்களும், தீபாவளி, ஆயுத பூஜை, ரம்ஜான், பக்ரீத், மொகரம், மீலாது நபி, புனித வெள்ளி, கிறிஸ்துமஸ், மகாவீரர் ஜெயந்தி, தெலுங்கு வருடப் பிறப்பு என்று அது மாநிலம் முழுவதுக்குமான பட்டியல். தைப்பூசம் அதில் சேர்ந்தது 2021-ல்தான். இந்தப் பட்டியலுக்குச் சட்ட அடித்தளம் செலாவணி முறிச்சட்டத்தின் 25-ஆவது பிரிவு. காசோலை, உறுதிச்சீட்டு போன்றவற்றுக்கான சட்டம் அது. பணம் கொடுக்க வேண்டிய கெடு விடுமுறை நாளில் விழுந்தால் அதற்கு முந்தைய வேலைநாளையே கெடுவாகக் கொள்ள வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. அப்படியென்றால் எது விடுமுறை நாள் என்று அரசு அறிவித்தாக வேண்டுமல்லவா? இன்று நாம் அனுபவிக்கிற பண்டிகை விடுமுறையின் சட்ட வேர் பக்தியில் இல்லை, கடன் பத்திரத்தில் இருக்கிறது.

உள்ளூர் விடுமுறைக்கு இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது. அதனால்தான் 'செலாவணி முறிச்சட்டத்தின் கீழ் வராது' என்ற வரி தவறாமல் வருகிறது. வங்கி திறந்திருக்கும், காசோலை மாறும். பள்ளி, கல்லூரி, மாநில அரசு அலுவலகங்களுக்கு மட்டும் லீவு. அதுவும் கடனாகத்தான், ஒரு சனிக்கிழமையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பொதுத்தேர்வு இருந்தால் அது நடந்தே தீரும்.

ஏன் இந்த ஏற்பாடு? ஒரு காரணம் வெளிப்படையானது. வேளாங்கண்ணிக்காகத் தர்மபுரிக்கு லீவு விட முடியாது. இன்னொரு காரணம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. செப்டம்பர் முதல் வாரத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனவர்களுக்கு அது தெரியும். ஆகஸ்ட் 29 கொடியேற்றம் தொடங்கி, காவி உடுத்தி நடந்து வருகிறவர்கள் சாலையோரம் வரிசையாகப் போய்க்கொண்டே இருப்பார்கள். மும்பை பாந்த்ராவிலிருந்தெல்லாம் சிறப்பு ரயில் விடுவார்கள். கொங்கணி, மலையாளம், தெலுங்கு என்று மொழிக்கொரு திருப்பலி நடக்கும். 7-ஆம் தேதி இரவு பெரிய தேர் பவனி. மறுநாள் காலை அத்தனை கூட்டமும் ஒரே நேரத்தில் ஊர் திரும்பும். அந்தச் சாலையில் பள்ளி வேனையும் விட்டால் என்ன ஆகும் என்பதைக் கலெக்டர் யோசிக்காமல் இருக்க முடியாது. போலீஸ், சுகாதாரத்துறை, போக்குவரத்துக் கழகம் எல்லோரும் வேளாங்கண்ணியில் இருப்பார்கள். உள்ளூர் விடுமுறையில் பாதி மத மரியாதை, பாதி போக்குவரத்து ஏற்பாடு. இரண்டாவது பாதியைச் சொன்னால் முதல் பாதிக்குக் குறைவு ஒன்றும் வந்துவிடாது.

தேர் 7-ஆம் தேதி இரவு, விடுமுறையோ 8-ஆம் தேதி. இந்த ஒரு நாள் தள்ளல் நாகூரிலும் உண்டு. சாகுல் ஹமீது ஆண்டவர் தர்காவின் கந்தூரி 14 நாள் விழா. ஜமாத்துல் ஆகிர் மாதப் பிறை தெரிந்ததும் கொடியேறும். கொடி நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் வடிவ ரதங்களோடு ஊர்வலமாக வரும். பத்தாம் நாள் இரவு சந்தனக்கூடும் நாகப்பட்டினத்திலிருந்தே புறப்பட்டு, விடிய விடிய ஊர்ந்து நாகூர் சேரும். விடியற்காலையில்தான் ஆண்டவரின் சமாதியான ரவுலாவுக்குச் சந்தனம் பூசுவார்கள். அப்புறம் யார் ஆபீஸுக்குப் போவது? இரவுத் திருவிழாவுக்கு மறுநாள் பகலில்தான் விடுமுறை தேவைப்படுகிறது.

இதற்குப் பின்னால் ஒரு நாளை எங்கே தொடங்குவது என்ற பழைய கணக்கும் இருக்கிறது. இஸ்லாமியக் கணக்கில் நாள் சூரியன் மறையும்போது பிறக்கிறது. கோயில் பஞ்சாங்கத்துக்குச் சூரிய உதயம்தான் நாளின் தொடக்கம். பெரும்பாலான விரதங்களுக்கு உதயத்தில் எந்தத் திதி இருக்கிறது என்று பார்ப்பார்கள். தேவாலயத்தில் பெருவிழா முந்தைய மாலையின் திருப்புகழ்மாலை ஜெபத்தோடே ஆரம்பித்துவிடுகிறது. அரசாணையில் மட்டும் நாள் நள்ளிரவுக்கு நள்ளிரவு. ஒரே தெருவில் மூன்று நான்கு விதமான 'இன்று' இருக்கும்போது, அரசின் 'இன்று' எதனோடும் முழுதாகப் பொருந்தாது.

வருடக் கணக்கிலும் இதே கதைதான். வேளாங்கண்ணியின் செப்டம்பர் 8, தூத்துக்குடி பனிமய மாதாவின் ஆகஸ்ட் 5, கோட்டாறு சவேரியாரின் டிசம்பர் 3 எல்லாம் ஆங்கிலத் தேதியில் ஆணி அடித்தது போல நிற்கின்றன. புனித வெள்ளி அப்படியல்ல. மார்ச் 21-லோ அதற்குப் பிறகோ வரும் முதல் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர் என்பதால், அதற்கு இரண்டு நாள் முந்தைய புனித வெள்ளி மார்ச் 20-க்கும் ஏப்ரல் 23-க்கும் நடுவே ஆடிக்கொண்டே இருக்கும். (கிறிஸ்தவர்களின் தலையாய பண்டிகைக்கு அரசு இதுவரை ஒரு நாள் லீவுகூடக் கொடுக்க வேண்டியிருந்ததில்லை, ஈஸ்டர் எப்போதும் ஞாயிறுதான். மாதா விண்ணேற்புத் திருநாளும் ஆகஸ்ட் 15 என்பதால் சுதந்திர தினத்தோடு சேர்ந்து கிடைத்துவிடுகிறது.) தைப்பூசம், மாசி மகம், ஆடிப்பூரம் ஆகியவை தமிழ் மாதமும் நட்சத்திரமும் கூடுகிற நாட்கள். கந்த சஷ்டியும் ஆடி அமாவாசையும் திதியைப் பார்ப்பவை. ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள்தான் என்பதால் கந்தூரியும் ஏர்வாடி சந்தனக்கூடும் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்து, சுமார் 33 வருடத்தில் எல்லாப் பருவத்தையும் ஒரு சுற்று சுற்றி வருகின்றன.

இந்தச் சுற்று கடலோரத்தில் வெறும் கணக்கு இல்லை, வானிலை விவகாரம். 2004-ல் நாகூர்ச் சந்தனக்கூடு ஜூலை மாத வெயிலில் வந்தது. 2021-ல் ஜனவரி. 2024-ல் டிசம்பர், அதாவது வடகிழக்குப் பருவமழையின் நடுவில். அங்கிருந்து நகர்ந்து இன்னும் சில ஆண்டுகள் நவம்பரிலும் அக்டோபர் கடைசியிலும்தான் நிற்கும். நாகைக்கு நவம்பர் என்றால் என்ன என்பதை 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையேறிய கஜா புயல் காட்டிவிட்டுப் போயிருக்கிறது. வேளாங்கண்ணிக்கு இந்தக் கவலை இல்லை. அது எப்போதும் மழைக்கு முந்தைய செப்டம்பர்தான்.

2026-ல் இன்னொன்றும் நடக்க வேண்டும். கணக்குப்படி அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 8. அதையொட்டிய கந்த சஷ்டி நவம்பர் நடுவில் வருகிறது. சிக்கலில் வேல் வாங்கிச் செந்தூரில் சம்ஹாரம் என்பார்களே, அந்தச் சிக்கல் நாகப்பட்டினத்துக்குக் கூப்பிடு தூரம். சிங்காரவேலவர் வேல் வாங்கும் அதே வாரத்தில் நாகூரில் கந்தூரிக் கொடியும் ஏறியிருக்கும். இரண்டு கூட்டத்தையும் தாங்க வேண்டியது ஒரே ஊர், ஒரே போலீஸ், ஒரே பேருந்து நிலையம். இதில் பெரிய ஆபத்து ஒன்றுமில்லை. அங்கே இரண்டு விழாவுக்கும் போகிற குடும்பங்களுக்குப் பஞ்சமில்லை. நாகூர் தர்காவில் மொட்டை போட்டுக்கொள்கிற இந்துக்களைப் பார்த்து உள்ளூரில் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. அங்கே நிற்கிற பெரிய மினாராவைக் கட்டிக்கொடுத்தவரே தஞ்சை மராட்டிய அரசர் பிரதாப்சிங்தான். ஆனால் எந்த நாளுக்கு விடுமுறை விடுவது என்று ஒரு அதிகாரி உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கும்.

பிறை பார்ப்பதால் முஸ்லிம் பண்டிகைத் தேதிகள்தான் கடைசி நேரத்தில் மாறும் என்று ஒரு நினைப்பு பரவலாக உண்டு. அது பாதிதான் சரி. 2024-ல் மீலாது நபி விடுமுறை செப்டம்பர் 16 என்று பட்டியலில் இருந்தது. பிறை தெரியாததால் தலைமை காஜியின் அறிவிப்புப்படி 17-க்கு மாற்றினார்கள். சரி. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு, 2023-ல், விநாயகர் சதுர்த்தி விடுமுறையும் செப்டம்பர் 17-லிருந்து 18-க்கு இதேபோல மாறியது. காரைக்காலை அடுத்த திருநள்ளாறு இதற்கு இன்னும் நல்ல உதாரணம். 2025 மார்ச் 29 அன்று சனிப்பெயர்ச்சி என்று திருக்கணிதப் பஞ்சாங்கத்தைப் பார்த்து ஊரெல்லாம் பேசியபோது, நாங்கள் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுகிறோம், எங்களுக்கு 2026-ல்தான் பெயர்ச்சி என்று கோயில் தரப்பில் சொல்லிவிட்டார்கள். வானத்தைப் பார்த்து நாள் குறிக்கிற எந்த மரபிலும் இந்த இழுபறி இருக்கும். பிறையை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

தெற்கே போகப் போக நாள்காட்டி அடர்த்தியாகிறது. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்தது. அந்தத் தொடர்பின் மிச்சம் ஓணத்துக்கு விடும் உள்ளூர் விடுமுறையில் தெரிகிறது. தாய்த் தமிழகத்தோடு இணைந்த நவம்பர் 1-க்கும் ஒரு விடுமுறை உண்டு. மகா சிவராத்திரி மாநிலப் பட்டியலில் இல்லை. ஆனால் பன்னிரண்டு சிவாலயங்களை ஓடியே தரிசிக்கிற சிவாலய ஓட்டம் நடக்கிற குமரியில் அன்று லீவு. மாசி 20 அய்யா வைகுண்டர் அவதார தினம். 1833-ல் அவர் திருச்செந்தூர்க் கடலிலிருந்து எழுந்து வந்தார் என்பது அய்யாவழி நம்பிக்கை. குமரி, நெல்லை, தூத்துக்குடி மூன்று மாவட்டங்களிலும் அன்று உள்ளூர் விடுமுறை. அதே மாசியின் கடைசிச் செவ்வாயில் மண்டைக்காடு பகவதியம்மன் கொடை ஒடுக்கு பூஜையோடு முடியும்; அதற்கும் குமரியில் விடுமுறை. 2025-ல் சிவராத்திரி பிப்ரவரி 26, அவதார தினம் மார்ச் 4, ஒடுக்கு பூஜை மார்ச் 11. இரண்டே வாரத்தில் மூன்று. பொதுத்தேர்வு சமயத்தில் ஆசிரியர்களின் பாடு என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. மூன்று சனிக்கிழமைக் கடன் வேறு.

மண்டைக்காடு என்று சொல்லிவிட்டு 1982-ஐச் சொல்லாமல் போவது சரியாக இருக்காது. அந்த மார்ச் மாதம் கொடை விழா நேரத்தில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவ மீனவர்களுக்கும் இடையே வெடித்த மோதலிலும் போலீஸ் துப்பாக்கிச்சூட்டிலும் உயிர்கள் போயின. நீதிபதி வேணுகோபால் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைத்தார்கள். கடலோர மத நல்லிணக்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் நாகூரையும் வேளாங்கண்ணியையும் மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவது எனக்கு ஒப்புதலில்லை. கோயிலும் குருசடியும் ஒரே கடற்கரைக்குப் போகிற பாதையில் இருக்கும்போது, எந்த நாளில் யாருக்குப் பாதை, ஒலிபெருக்கி எத்தனை மணி வரை என்பதெல்லாம் உயிர்போகிற கேள்விகளாகவும் மாறலாம். அதனால்தான் விழாவுக்கு முன்பு சார் ஆட்சியர் தலைமையில் எல்லாத் தரப்பையும் உட்காரவைத்துப் பேசுகிற கூட்டம் தேவைப்படுகிறது. விடுமுறை அறிவிப்பு அந்தப் பேச்சின் வெளியே தெரிகிற நுனி.

பாதையை அழகாகப் பகிர்ந்துகொண்ட இடங்களும் உண்டு. மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி சிதம்பரத்துக்குக் கிழக்கே கிள்ளைக் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். வழியில் கிள்ளை தைக்காலில் தர்கா சார்பில் முஸ்லிம்கள் வரவேற்று மரியாதை செய்வது பல தலைமுறை வழக்கம். கொஞ்சம் தெற்கே திருமலைராயன்பட்டினத்தில் அதே மாசி மகத்துக்குக் கடலாட வரும் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாளை மீனவர்கள் மாப்பிள்ளை என்றுதான் வரவேற்கிறார்கள். பத்மினி நாச்சியார் அவர்கள் குலத்துப் பெண் என்பது கதை. பெருமாளே மருமகன் ஆகிவிட்ட பிறகு அன்றைக்குக் கட்டுமரத்துக்கு என்ன வேலை?

மீனவர்களைப் பொறுத்தவரை அரசின் விடுமுறைப் பட்டியலுக்குப் பெரிய அர்த்தம் இல்லை. தூத்துக்குடியிலும் குமரியிலும் உள்ள கத்தோலிக்க மீனவர் ஊர்களில் ஞாயிறன்று கடலுக்குப் போவதில்லை என்பது ஊர்க்கட்டுப்பாடு. கொடியேற்றம், தேர், ஊரில் சாவு இவற்றுக்கும் ஊர்க்கமிட்டி சொன்னால் படகு கரையில் நிற்கும். விசைப்படகுகளுக்கு இவை எல்லாவற்றையும்விட நீளமான ஓய்வு மீன்பிடித் தடைக்காலம்: கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாள். குமரி மாவட்டத்துக்கு மட்டும் இரண்டு கரையும் உண்டு. சின்னமுட்டத்தில் படகு நிற்கும்போது குளச்சலில் ஓடும், அப்புறம் மாறும். டிசம்பர் 26 எந்த அரசாணையிலும் விடுமுறை இல்லை. ஆனால் 2004 சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்த அந்த நாளில், மீனவர் ஊர்கள் பலவற்றில் இன்றும் தொழிலுக்குப் போவதில்லை. அரசு அறிவிக்காமலே ஊர் எடுத்துக்கொள்கிற, மதம் பார்க்காத உள்ளூர் விடுமுறை அது.

கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் கதை வேறு. உள்ளூர் விடுமுறை அவர்களைக் கட்டுப்படுத்தாது. 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைகள்) சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் கட்டாயம். அவற்றோடு இன்னும் ஐந்து பண்டிகை நாட்கள் சம்பளத்தோடு கொடுக்க வேண்டும். அந்த ஐந்து எவை என்பது இடத்துக்கு இடம் மாறலாம். தூத்துக்குடியில் ஓர் இறால் பதப்படுத்தும் ஆலையில் ஆகஸ்ட் 5 அந்த ஐந்தில் ஒன்றாக இருந்தால் பனிமய மாதா திருவிழா பார்க்கலாம், இல்லையென்றால் ஷிஃப்ட்தான். மாநில அரசு ஊழியருக்கு வருடத்துக்கு மூன்று வரையறுக்கப்பட்ட விடுப்பு உண்டு. பெரிய வியாழனுக்கோ ஷபே பராத்துக்கோ அவர் அதை எடுத்துக்கொள்ளலாம். தினக்கூலிக்கு எதுவும் இல்லை. பண்டிகைக்குப் போனால் கூலி போச்சு, அவ்வளவுதான்.

உள்ளூர் விழாக்களையும் மாநிலப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை அவ்வப்போது எழும். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒன்றைச் சேர்த்தால் அடுத்ததைச் சேர்க்காமல் இருக்க முடியாது. அதற்கு முடிவும் இருக்காது. தேர் எந்த மண்ணில் ஓடுகிறதோ அந்த மண்ணுக்கு மட்டும் லீவு, அதற்கு ஒரு சனிக்கிழமை விலை என்கிற ஏற்பாடு கஞ்சத்தனமாகத் தெரிந்தாலும் எந்த மதத்தாருக்கும் ஒரே கணக்குதான்; எங்களுக்கு ஏன் குறைவு என்று கேட்க இடமில்லை.

திருத்த வேண்டியது அறிவிப்பு வருகிற நேரத்தை. செப்டம்பர் 8-ம் ஆகஸ்ட் 5-ம் டிசம்பர் 3-ம் என்றைக்கு வரும் என்று யாரும் பிறை பார்க்க வேண்டியதில்லை. மாசி 20-ம் மாசியின் கடைசிச் செவ்வாயும் பஞ்சாங்கத்தில் முந்தைய வருடமே இருக்கின்றன. இருந்தும் பல சமயம் விழாவுக்குச் சில நாட்கள் இருக்கும்போதுதான் குறிப்பு வருகிறது. தேர்வு அட்டவணை, மருத்துவமனை முன்பதிவு, ரயில் டிக்கெட் எல்லாம் அதற்குள் முடிந்திருக்கும். தேதி நிலையாக உள்ளவற்றையும், அவற்றுக்கு ஈடாக வேலை செய்ய வேண்டிய சனிக்கிழமைகளையும் ஜனவரியிலேயே மாவட்டவாரியாக வெளியிட்டுவிடலாம். கந்தூரிக்கும் சந்தனக்கூட்டுக்கும் உத்தேசத் தேதி என்று குறித்துவிட்டு, பிறை தெரிந்ததும் உறுதி செய்தால் போதும். ரம்ஜானுக்கும் பக்ரீத்துக்கும் மாநில அளவில் பட்டியலில் ஒரு தேதியைப் போட்டுவிட்டு, தேவைப்பட்டால் மாற்றிக்கொள்வது ஏற்கெனவே உள்ள வழக்கம்தானே.